ஆகாமல் இருத்தல்

1

எதுவாகவும் ஆகக்கூடியது என்ற சொற்றொடரில் ஒரு மயக்கம் இருக்கிறது. குழந்தையைப் பார்த்து அதைச் சொல்கிறோம். முதல் தொகுதியோடு வந்து நிற்கும் இளம் கவிஞனைப் பார்த்துச் சொல்கிறோம். நாற்பது வயதுக்கு மேல் நம்மைப்பற்றி நாமே சொல்லிக்கொள்ளும்போது மட்டும் குரல் சற்று இறங்கிப்போகிறது. இன்னும் எதுவும் ஆகிவிடாத நிலைதான் தூயது, ஆனது எல்லாம் ஒருவகை வீழ்ச்சி என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. எழுதப்பட்ட ஒரு வரி, எழுதப்பட்டிருக்கக்கூடிய ஆயிரம் வரிகளைக் கொன்றுவிட்டு அந்த இடத்தில் நிற்கிறது என்று நண்பர் ஒருவர் ஒருமுறை சொன்னார். ரசித்தேன். அதற்குப்பின் அவர் எதுவும் எழுதவில்லை. நானும் ஒரு நாவலை எழுதப்போகிறவன் என்ற ஸ்தானத்தில் பல வருஷங்களாக சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறேன். எனவே இது பிறர்மீது தொடுக்கப்படும் விமர்சனம் அல்ல.

இந்த மயக்கத்தை ஆராய நான் எடுத்துக்கொள்வது தத்துவ நூல் எதையும் அல்ல. கருவின் குருத்தணுக்களைப்பற்றி உயிரியலார் கண்டு சொல்லியிருப்பவற்றை. காரணம் எளிது. 'எதுவாகவும் ஆகக்கூடியது' என்பதை உவமையாக அல்லாமல், சோதித்துப் பார்த்துச் சொல்லத்தக்க உண்மையாகவே இந்தச் செல்களைப்பற்றிச் சொல்ல முடியும். சாத்தியம் என்பதற்கு ஒரு உடல் இருந்தால் அது எப்படி இருக்கும், எதன் பலத்தில் நிற்கும் என்று அங்கே பார்க்கலாம். விஞ்ஞானத்திலிருந்து நீதி பெற முயல்வதில் உள்ள ஆபத்தை அறிவேன். செல்லுக்கு அறம் கிடையாது. ஆனால் நமது அறச்சொற்கள் எல்லாம் ஏதோ ஒரு மனச்சித்திரத்தின்மீதுதான் நிற்கின்றன. சித்திரம் பிழையானது என்று தெரிந்தபிறகு சொற்கள் மட்டும் அசையாமல் நிற்பது நியாயமில்லை.

2

கருவுற்ற மனித முட்டை ஐந்தாறு நாட்களில் உள்ளே நீர் கொண்ட ஒரு நுண்ணிய பந்தாகிறது. பந்தின் தோல் நஞ்சுக்கொடியாகப் போவது. உள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக் கிடக்கும் கொஞ்சம் செல்களே உடலாகப் போகின்றவை. இவற்றை வெளியே எடுத்துத் தட்டில் வளர்க்க முடியும் என்று 1981ல் சுண்டெலியில் காட்டினார்கள்: கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும், தனியாக ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் கெயில் மார்ட்டினும். மனிதக் கருவிலிருந்து விஸ்கான்ஸினில் ஜேம்ஸ் தாம்ஸன் 1998ல் எடுத்தார். தட்டில் இவை பிரிந்து பிரிந்து, வருஷக்கணக்கில் பெருகும். எத்தனை பெருகினாலும் நரம்பாகவும் இதயத் தசையாகவும் குடலாகவும் ஆகும் திறனை இழப்பதில்லை. கருவின் உள்ளே இதே நிலை நீடிப்பது சில நாட்களே என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

இந்தச் செல்லிடம் இருக்கும் டி.என்.ஏ.தான், சில விலக்குகள் நீங்கலாக, உடலின் எல்லாச் செல்களிடமும் இருக்கிறது. 1962ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கர்டன் தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட தவளை முட்டையில் வைத்தபோது, சிலவற்றிலிருந்து நீந்தும் தலைப்பிரட்டைகள் உண்டாயின. குடலாக ஆனபோது மற்ற ஏடுகள் கிழித்தெறியப்படவில்லை, மூடித்தான் வைக்கப்பட்டிருந்தன. ஆகவே கேள்வி, என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதல்ல. எது எப்போது வாசிக்கப்படுகிறது என்பது.

வாசிப்பை நிர்ணயிப்பவை படியெடுப்புக் காரணிகள் என்ற புரோட்டீன்கள். டி.என்.ஏ.யின் நீளத்தில் குறிப்பிட்ட ஒரு சிறு எழுத்துவரிசையை இனம்கண்டு அங்கே போய் உட்காருவது இவற்றின் தொழில். உட்கார்ந்த இடத்திலிருந்து, பக்கத்திலோ வெகுதொலைவிலோ உள்ள ஒரு ஜீனைப் படியெடுக்கும் யந்திரத்தை வரவழைக்கும். அல்லது வரவிடாமல் செய்யும். குருத்தணுவில் இந்த வேலையைத் தலைமையேற்றுச் செய்பவை மூன்று: ஆக்ட்4, ஸாக்ஸ்2, நானாக். மூன்றாவதன் பெயர் அயர்லாந்துப் புராணத்தில் வரும் முதுமையற்றவர்களின் நாட்டின் பெயரிலிருந்து, 2003ல் எடின்பரோவில் வைக்கப்பட்டது. தமிழில் எழுதும்போது அது 'நானாக' என்று காதில் விழுவது தற்செயல்தான்.

2005ல் மாஸசூஸெட்ஸில் ரிச்சர்ட் யங்கின் ஆய்வுக்கூடம் மனிதக் குருத்தணுக்களில் இம்மூன்றும் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று வரைபடம் போட்டது. குறைந்தது 353 ஜீன்களில் மூன்றும் சேர்ந்து காணப்பட்டன. அவற்றில் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. குருத்தணு குருத்தணுவாகவே நீடிக்கத் தேவையான ஜீன்கள் அவை. இன்னொரு பகுதி அணைக்கப்பட்டிருந்தது. அணைக்கப்பட்டவற்றில் நரம்பாக்கும், தசையாக்கும், குடலாக்கும் அதிகாரம் கொண்ட ஜீன்கள் நிறைய இருந்தன. இது போக, மூன்றும் தம்முடைய சொந்த ஜீன்களின்மீதும் மற்ற இரண்டின் ஜீன்களின்மீதும் உட்கார்ந்திருந்தன. நான் உன்னை எழுதுகிறேன், நீ என்னை எழுது என்ற ஒரு வட்டம். நம் சிறுபத்திரிகை உலகம் ஞாபகம் வந்தால் தடுக்க வேண்டியதில்லை.

அடுத்த வருஷம் இன்னொன்று தெரிந்தது. அணைந்திருக்கும் இந்த அதிகார ஜீன்கள் பலவற்றில், டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் புரோட்டீன் உருளைகளின்மேல் இரண்டு எதிரெதிரான ரசாயனக் குறிகள் ஒருசேர இருக்கின்றன: 'வாசி' என்று ஒன்று, 'வாசிக்காதே' என்று ஒன்று. கதவு சாத்தியிருக்கிறது. ஆனால் ஒரு கை தாழ்ப்பாளின்மேலேயே இருக்கிறது.

இதில் நமக்கு முதல் பாடம் உண்டு. ஆகாமல் இருப்பது ஓய்வு அல்ல. அது ஒரு வேலை. வெற்றுத்தாள் என்று நாம் நினைத்தது, நூற்றுக்கணக்கான இடங்களில் ஓயாமல் எழுதி, ஓயாமல் அழித்துக்கொண்டிருக்கும் ஒரு கையின் விளைவு. சாத்தியம் என்பது ஒன்றும் நிகழாத இடம் என்று நினைத்துதான் அதைத் தூயது என்றோம். அங்கே நிகழ்வதில் பெரும்பகுதி தடுப்பு வேலை.

3

எடின்பரோவில் இருந்த கான்ராட் வாடிங்டன் 1957ல் ஒரு சித்திரம் வரைந்தார். மலைச்சரிவின் உச்சியில் ஒரு பந்து. கீழே பள்ளத்தாக்குகள் கிளைபிரிந்து போகின்றன. பந்து உருண்டு ஏதோ ஒரு பள்ளத்தில் போய் நிற்கும். அதுதான் செல்லின் விதி. ஐம்பது வருஷங்களுக்கு மேலாக உயிரியலாரின் மனத்தில் இந்தச் சித்திரமே ஆட்சி செய்திருக்கிறது. நம் மனத்திலும்தான். உச்சியில் சுதந்திரம், பள்ளத்தில் கட்டுப்பாடு. உச்சியிலிருந்து கீழே வருவது சரிவு.

அதே புத்தகத்தில் வாடிங்டன் இன்னொரு சித்திரமும் வரைந்திருந்தார். அதை அதிகம்பேர் நினைவில் வைப்பதில்லை. மலைச்சரிவை அடியிலிருந்து பார்க்கிறோம். தரையில் அடித்த முளைகளிலிருந்து கயிறுகள் மேலேறிச் சரிவின் அடிப்பக்கத்தை இழுத்துப் பிடித்திருக்கின்றன. முளைகள் ஜீன்கள். மேடும் பள்ளமும் அந்த இழுவையால் உண்டானவை. அதாவது நிலம் என்று நாம் நம்பியது, இழுத்துக் கட்டிய கூடாரம்.

உச்சியில் இருக்கும் பந்துக்கு எந்தப் பக்கமும் சாய்வில்லை என்பது முதல் சித்திரத்தின் மறைமுகமான செய்தி. இது உண்மைதானா? 2000ல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிதோஷி நிவாவும் அவருடன் ஆஸ்டின் ஸ்மித்தும் ஆக்ட்4ன் அளவை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். அதைக் குறைத்தால் செல் நஞ்சுக்கொடியின் வழியில் போய்விடுகிறது. இது எதிர்பார்க்கக்கூடியதே, காவலன் போனால் கதவு திறக்கும். ஆனால் அதை இரண்டு மடங்குகூட ஆகாத அளவுக்குக் கூட்டியபோதும் செல் தன் நிலையை இழந்து வேறொரு வழியில் போய்விட்டது. காவலன் என்று மட்டும் இருந்தால், கூடுதல் காவலில் என்ன கெடும்? எனவே ஆக்ட்4 காவலன் மட்டும் அல்ல. அதற்கே ஒரு பக்கம் போக விருப்பம் இருக்கிறது.

2011ல் இது மேலும் தெளிவாயிற்று. ஆக்ட்4 செல்லை நரம்பு, தோல் வழியிலிருந்து தடுத்து, தசையும் குடலும் உண்டாகும் வழிக்குத் தள்ளுகிறது. ஸாக்ஸ்2 சரியாக எதிர்த்திசையில் தள்ளுகிறது. இரண்டும் சமமாக இழுக்கும்வரை செல் நடுவில் நிற்கிறது. இன்னும் ஆச்சரியம், 2013ல் சீனத்தில் ஹோங்க்வி டெங்கின் குழு கண்டது. சாதாரணச் செல்லைப் பின்னோக்கிக் குருத்தணு நிலைக்குக் கொண்டுபோக ஆக்ட்4 இன்றியமையாதது என்று நம்பப்பட்டது. அதன் இடத்தில், அதே பக்கமாகத் தள்ளுகிற வேறொரு காரணியை, எந்த விதத்திலும் 'இளமை'யோடு சம்பந்தப்படாத ஒன்றை, வைத்தாலும் காரியம் நடந்தது. வேண்டியிருந்தது ஒரு குறிப்பிட்ட காவலன் அல்ல. எதிரெதிர்ப் பட்சங்கள் இரண்டு. அவற்றிடையே ஒரு சமநிலை.

எதுவாகவும் ஆகக்கூடிய நிலை என்பது சார்பற்ற நிலை அல்ல என்பதே இதன் பொருள். பல சார்புகள் ஒன்றையொன்று முடக்கி வைத்திருக்கும் நிலை அது. இங்கே ஆசையின்மை இல்லை. ஆசைகளின் சண்டை இருக்கிறது, ஒருவரும் ஜெயிக்காத சண்டை.

நடுநிலை என்ற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாக உபயோகிக்கிறோம் என்று யோசிக்கிறேன். எந்தக் கட்சியும் சேராத விமர்சகன், எந்தக் கோட்பாட்டிலும் அகப்படாத கவிஞன். அவன் ஒன்றிலும் சாயாதவன் என்று அவனும் நம்புகிறான், நாமும் நம்புகிறோம். ஒருவேளை அவனுக்குள் இரண்டு மூர்க்கமான பட்சங்கள் ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கலாம். அதில் இழிவு ஏதும் இல்லை. ஆனால் அது சாந்தமும் அல்ல. அதற்கு சாந்தம் என்று பெயரிடுவது பொய்.

4

இதுவரை காரணிகள் 'உட்கார்ந்திருக்கின்றன' என்று எழுதினேன். இந்த வினைச்சொல்லும் ஏமாற்றுகிறது. 2014ல், உயிரோடு இருக்கும் குருத்தணுவுக்குள் ஸாக்ஸ்2ன் தனித்தனி மூலக்கூறுகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு மூலக்கூறு உட்கருவுக்குள் அலைகிறது. டி.என்.ஏ.யில் எங்கெங்கோ மோதுகிறது. மோதிய இடத்தில் ஒரு வினாடிகூடத் தங்காமல் விலகுகிறது. எண்பது, தொண்ணூறு முறை இப்படி மோதி விலகிய பின்னால் தன்னுடைய இடம் கிடைக்கிறது. கிடைத்த இடத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது? பன்னிரண்டு முதல் பதினைந்து வினாடி. பிறகு போய்விடுகிறது. அந்த இடத்துக்கு இன்னொன்று வருகிறது.

வருஷக்கணக்கில் மாறாமல் நிலைத்திருக்கும் ஒரு செல்லின் சுயம், கால் நிமிஷம்கூடத் தரித்திராத வருகைகளால் ஆனது. அரியணை இருக்கிறது; நிரந்தர அரசன் இல்லை. 2007ல் இயன் சேம்பர்ஸ் குழு நானாக்கைப்பற்றிக் கண்டதும் இதோடு சேர்ந்தது. ஒரே தட்டில், ஒரே வம்சத்துச் செல்களில், நானாக் சிலவற்றில் நிறைய இருக்கிறது, சிலவற்றில் அநேகமாக இல்லை. குறைந்த செல் எளிதில் வழிமாறிப்போகும் ஆபத்தில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் போவதில்லை, திரும்பி விடுகிறது. அந்த ஜீனையே நீக்கிவிட்டாலும் குருத்தணுக்கள் தட்டில் தொடர்ந்து பெருகின. வழுக்கி விழுவது மட்டும் அதிகமாயிற்று.

ஒருவன் தன் கொள்கைக்கு உண்மையாக இருந்தான் என்றால், ஒருநாள் முடிவெடுத்து அதில் உறைந்துபோனான் என்று பொருள்கொள்கிறோம். விசுவாசம் என்றால் அசையாமை. செல்லின் வழக்கம் வேறுமாதிரி இருக்கிறது. அங்கே நிலைத்திருத்தல் என்பது, விட்டுப்போவதும் திரும்பி வருவதும் மறுபடி மறுபடி நடப்பது. ஒரு முறை தவறிய திரும்புதல் பெரிதல்ல. திரும்புதலே நின்றுபோனால்தான் மாற்றம்.

5

2006ல் கியோட்டோவில் ஷின்யா யாமானகாவும் கஸுதோஷி தகஹாஷியும் இருபத்துநாலு காரணிகளில் தொடங்கி ஒவ்வொன்றாக விலக்கி நாலில் வந்து நின்றார்கள்: ஆக்ட்4, ஸாக்ஸ்2, கேஎல்எஃப்4, ஸி-மிக். வளர்ந்த சுண்டெலியின் வால்நுனியிலிருந்து எடுத்த செல்லுக்குள் இந்த நாலையும் புகுத்தினால் அது குருத்தணுவைப்போல ஆகிவிடுகிறது. அடுத்த வருஷம் மனிதச் செல்லிலும் செய்தார்கள். 2012ல் யாமானகாவுக்கும் கர்டனுக்கும் சேர்ந்து நோபல் பரிசு. பள்ளத்தில் கிடக்கும் பந்து மலையேறும் என்று ஆயிற்று. உலகம் இதை இளமைக்குத் திரும்பும் வழி என்று கொண்டாடியது.

கொண்டாட்டத்தில் கேட்காத இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, முதல் சோதனைகளில் நூறு செல்லில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. பெரும்பான்மை தாம் ஆனதிலேயே நின்றன. இரண்டு, நாலாவது காரணியான ஸி-மிக் புற்றுநோயோடு உறவுள்ளது. அப்படித் திரும்பிய செல்களிலிருந்து பிறந்த சுண்டெலிகள் கணிசமானவற்றில் கட்டிகள் வந்தன. பின்னால் அதை விலக்கிச் செய்யும் வழிகள் கண்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு செல் உண்மையில் எதுவாகவும் ஆகக்கூடியதா என்று சோதிக்கும் பழைய முறையையும் சொல்ல வேண்டும். அதை எலியின் உடலில் ஊசிமூலம் செலுத்துகிறார்கள். சில வாரங்களில் ஒரு கட்டி வளர்கிறது. அறுத்துப் பார்த்தால் உள்ளே குருத்தெலும்பு, குடலின் உட்சுவர், நரம்புத் திசு எல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் கலந்து கிடக்கின்றன. செல் பரீட்சையில் தேறிவிட்டது. எல்லாமாகவும் ஆயிற்று, ஒன்றாகவும் ஆகவில்லை. ஒழுங்கில்லாமல், அண்டை அயல் இல்லாமல், காலக்கிரமம் இல்லாமல் மலர்ந்த பூரண சாத்தியத்துக்கு மருத்துவத்தில் உள்ள பெயர் கட்டி.

6

இனி, தப்பிக்க முடியாத கேள்வி. தாம்ஸன் எடுத்த செல்கள் மனிதக் கருக்களிலிருந்து வந்தவை. எடுத்ததும் அந்தக் கருக்கள் இல்லாமலாயின. கருத்தரிப்புச் சிகிச்சைக்கென உருவாகி, மிஞ்சி, தானமாகத் தரப்பட்டவை அவை. அவற்றை அழிக்கலாமா? கூடாது என்பவர்களின் வலுவான வாதம் சாத்தியத்தின்மேல் நிற்பது: அது இன்னும் மனிதன் ஆகவில்லைதான், ஆனால் ஆகக்கூடியது. அழிக்கலாம் என்பவர்களின் வாதம்: அது ஊசிமுனையளவு செல்கூட்டம், வேறொன்றுமில்லை.

சாத்தியம் செல்லுக்குள் சொத்துப்போல வைக்கப்பட்டிருக்கிறது என்றால் முதல் வாதம் நிற்கும். ஆனால் 2009ல் சீனத்திலும் அமெரிக்காவிலும், வளர்ந்துவிட்ட செல்லை யாமானகா வழியில் திருப்பி, அதிலிருந்தே ஒரு முழுச் சுண்டெலியின் உடலை உண்டாக்கிக் காட்டினார்கள். அப்படியானால் என் வாலில், எனக்கு வால் இல்லாததால் என் முழங்கைத் தோலில், கோடிச் சாத்தியங்கள் கிடக்கின்றன. அவற்றுக்கு யாரும் அழுவதில்லை. சாத்தியம் மட்டும் புனிதம் என்றால் சொறிந்துகொள்வதும் கொலை.

இங்கே நிறுத்திவிட்டு இரண்டாம் கட்சியில் சேர்ந்துவிடலாம். என்னால் முடியவில்லை. அந்தச் சுண்டெலிக்கு நஞ்சுக்கொடி வேறொரு கருவிலிருந்து இரவல் வந்தது. அதைச் சுமக்க ஒரு தாயின் கருப்பை வேண்டியிருந்தது. ஆகக்கூடியது என்பது செல்லின் குணம் அல்ல. செல்லுக்கும் அதை ஏந்துகிறதற்கும் இடையில் உள்ள உறவு. கருவுக்குள் முழு மனிதச் சாத்தியத்தையும் அடைத்துவைத்துப் பேசும் வாதம், ஏந்துகிற பெண்ணைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது. வெறும் செல்கூட்டம் என்கிற வாதமும் அதே உறவை, வேறு பக்கத்திலிருந்து அழிக்கிறது. யாரோ ஒருத்தி காத்திருந்த கரு என்பதும், யாரும் காத்திராத கரு என்பதும் நுண்ணோக்கியில் ஒன்றாகத் தெரிகின்றன. நுண்ணோக்கியில் தெரியாதது இல்லாதது அல்ல.

பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1984ல் பதினாலு நாள் என்று ஒரு கோடு கிழித்தது. 1990ல் அது சட்டமாயிற்று. அந்த நாளையொட்டி உடலின் அச்சு முதன்முதலாகக் கருவில் கோடிடுகிறது. அதற்கு முன் அது இரட்டையாகப் பிரிந்துவிடவும் கூடும். 2021ல் சர்வதேசக் குருத்தணு ஆய்வாளர் சங்கம் இந்த எல்லையைத் தன் முற்றான தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இயற்கை கோடு போடுவதில்லை, மனிதர் போட்ட கோடு மனிதர் மாற்றுவது என்று இதைக் கேலி செய்யலாம். எனக்கு வார்னாக் குழுவின்மேல் மரியாதை உண்டு. உண்மை என்று சொல்லிக்கொள்ளாமல், ஒரு முடிவு என்று சொல்லி அவர்கள் கோடு கிழித்தார்கள். ஆகிவிட்ட ஒன்று, ஆகக்கூடிய மற்றவற்றைக் கொன்றுவிட்டு நிற்பது.

நடைமுறையிலிருப்பதே சாத்தியத்துக்கு முந்தியது என்று அரிஸ்டாட்டில் சொன்னார். ஓக் மரம் என்ன என்று தெரிந்தால்தான் அதன் விதையை 'ஓக் ஆகக்கூடியது' என்று சொல்லவே முடியும். குருத்தணுவையும் அப்படித்தான் தெரிந்துகொண்டோம்: அது ஆனவற்றைக் கொண்டு. எதுவும் ஆகாமலே இருந்த குருத்தணுவைப்பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. தட்டில் வருஷக்கணக்காக அது முதுமையின்றி இருக்கிறதே எனலாம். இருக்கிறது, நாள் தவறாமல் ஊட்டம் மாற்றி, வழி விலகச் சொல்லும் செய்திகள் அதை எட்டாதபடி ரசாயனத்தால் மறித்து, யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வதால் இருக்கிறது. கருவுக்குள் அதற்குக் கிடைப்பது சில நாட்கள்.

என் மேஜை இழுப்பில் ஒரு நாவலின் நாலு தொடக்கங்கள் இருக்கின்றன. நாலும் ஒன்றையொன்று மறுப்பவை, நாலும் சமபலம். இதைத்தான் இத்தனை வருஷமும் சுதந்திரம் என்று எண்ணியிருந்தேன். அவற்றைக் காப்பாற்ற நான் செலவழித்த உழைப்பில் ஒன்றை எழுதி முடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எழுதியிருந்தால் அது மோசமான நாவலாகக்கூட இருந்திருக்கும். ஆனால் மோசமானது என்று சொல்ல ஒன்று இருந்திருக்கும்.